பழவேற்காட்டின் வாய் ஏன் அடைபடுகிறது? ஒரு மீட்டர் ஆழ ஏரியின் நானூறு ஆண்டுக் கணக்கு

பழவேற்காடு ஆண்டுக்கு நான்கு முறை செய்தியில் அடிபடுகிறது. மார்கழியில் பூநாரைகள் வந்துவிட்டன என்று படம் போடுவார்கள். கோடையில் முகத்துவாரம் அடைந்துவிட்டது, மீனவர்கள் மறியல் என்று வரும். இடையில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு. விடுமுறை நாட்களில், படகுச் சவாரிக்குத் தடை என்ற எச்சரிக்கை. ஊர்க்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு இவை தனித்தனிச் செய்திகளாகத்தான் தெரியும்.

உண்மையில் நான்கும் ஒரே கணக்கின் நான்கு வரிகள். அந்த ஏரியில் சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் கடலோடு கலக்கும் வாயோ, அதாவது முகத்துவாரமோ, மணலால் ஆனது, நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியதும், பறவைகள் இறங்குவதும், 2011-இல் படகு கவிழ்ந்ததும், இன்றைய வழக்குகளும் போராட்டங்களும் இந்த இரண்டையும் சுற்றியே நிற்கின்றன.

ஏரி என்கிறோம், ஆனால் ஏரி அல்ல

நம் ஊர் ஏரி என்பது மழைநீரைக் கரை போட்டுத் தேக்கியது. பழவேற்காடு அப்படிப்பட்டதன்று. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மணல்திட்டு ஒன்று எழும்பி, உள்ளே மாட்டிக்கொண்ட உப்பங்கழி. கேரளத்தில் இதைக் காயல் என்பார்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இதுதான்.

நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டர், சில இடங்களில் 17 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனையில் ஒரு துண்டுதான் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியது. அந்த முனையில், பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஊர் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வேலிபோலப் படுத்திருக்கும் நீண்ட தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

ஏரிக்குள் தண்ணீர் இரு பக்கமிருந்தும் வருகிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் நுழைகிறது. ஆகவே ஏரியின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஏறக்குறைய நன்னீர். கோடையில் ஆவியாகிச் சுண்டும்போது லிட்டருக்கு 50 கிராம் வரை உப்பு. கடலிலேயே 35 கிராம்தான்! பரப்பும் அப்படித்தான். வற்றும்போது 250 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும், பெருகும்போது 450-ஐத் தொடும். வரைபடத்தில் கோடு போட்டு ‘இதுவரை ஏரி’ என்று எழுதுவது இங்கே எளிதான வேலை இல்லை. சட்டச் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே தொடக்கம்.

பெயரில் இருக்கும் காடு

பழ + வேல் + காடு. வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்று பொருள் சொல்வார்கள். வேல் என்பதன் ‘ல்’ ககரத்தின்முன் ‘ற்’ ஆவது, திருவேற்காட்டில் நடக்கும் அதே புணர்ச்சிதான். விஜயநகர ஆட்சியில் ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் இருந்தது. ஐரோப்பியர் வாயில் பழவேற்காடு ‘புலிகாட்’ ஆனது. புலிக்கும் இந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

டச்சுக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?

பெரிய கப்பல் நுழைய முடியாத, இடுப்பளவுத் தண்ணீர் உள்ள இடத்தில் ஒரு கடல் வல்லரசு தலைமையகம் வைத்தது ஏன் என்பது நியாயமான கேள்வி. காரணங்களை இப்படி வரிசைப்படுத்தலாம்.

1. அவர்களுக்குத் தேவைப்பட்டது துறைமுகத்தைவிடத் துணி. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு விற்றவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளையும் வரைந்த துணிகளையும் விரும்பி வாங்கினார்கள். மிளகும் மசாலாவும் வேண்டுமென்றால் முதலில் இங்கே வந்து துணி வாங்கியாக வேண்டும். பழவேற்காட்டைச் சுற்றி நெசவாளர்களும் சாயக்காரர்களும் இருந்தார்கள்.

2. கப்பல் ஏரிக்குள் வரவேண்டிய தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுவதிலுமே கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சரக்கைச் சிறு படகுகள் ஏற்றி இறக்கும். ஆழமற்ற உப்பங்கழி அந்தச் சிறு படகுகளுக்கு அலையில்லாத முற்றம்.

3. எதிரி. தெற்கே மயிலாப்பூர்ச் சாந்தோமில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். அவர்களை ஒதுக்க நினைத்த டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடனிடம் 1610-இல் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தார்கள். 1612-இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கினர். உடனே, 1613-இல், கோட்டை எழுந்தது.

அதுதான் கெல்ட்ரியா கோட்டை. அதைக் கட்டிய தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. பெயர் அங்கிருந்து வந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமாக 1690 வரை இந்தக் கோட்டை விளங்கியது. உள்ளே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள். பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டை ஐரோப்பாவில் பேர்போனது. ஊரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு கைக்குட்டை வகையின் பெயராகி அகராதி ஏறியது.

சுற்றுலாக் கையேடுகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நிறுத்தக் கூடாது. இங்கிருந்து ஏற்றுமதியான இன்னொரு ‘சரக்கு’ மனிதர்கள். 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில், பசிக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களையும் பிடித்து வரப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். அந்த வணிகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று பழவேற்காடு. கோட்டைக் கதையைச் சொல்பவர்கள் துணிக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

ஆங்கிலேயர்? பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு ஒட்டியிருக்கப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. ஏரியின் வடமுனைக்கு அப்பால் ஆறுமுகம் என்ற துர்க்கராயப்பட்டினத்தில் 1626-இல் கடை விரித்தார்கள். அங்கும் சரியாக அமையாமல், ஆங்கிலக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே 1639-இல் தெற்கே வந்து பிடித்த மணல்மேடுதான் பிறகு சென்னைப் பட்டினம் ஆயிற்று. பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் இன்றைய தலைநகரம் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1690-இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் ஊரின் மவுசு குறைந்தது. 1781-க்குப் பிறகு கோட்டை டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக் கைமாறி, 1824 உடன்படிக்கைப்படி 1825-இல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் போனது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டையை அவர்கள் இடித்துவிட்டிருந்தார்கள்.

நடந்தே பார்க்கக்கூடியவை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் ஊர் வந்துவிடும். முக்கியமான இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம்.

கோட்டையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது வழக்கம். அகழியின் தடமும் செங்கல் குவியல்களும்தான் மிச்சம். மேலே முழுக்கச் சீமைக்கருவேலம். பழைய வேலங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊரில், அமெரிக்காவிலிருந்து வந்த முள்மரம் டச்சுக் கோட்டையை மூடிக் கிடக்கிறது. தனியாக உள்ளே நுழைய வேண்டாம். முள்ளும் பாம்பும் உண்டு.

அதற்கு மாறாக, டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நல்ல நிலையில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே வருபவனுக்கு அவனுடைய முடிவை நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியக் கல்லறைகளின் வழக்கம். உள்ளே படுக்கையாகக் கிடக்கும் பெரிய கருங்கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து விரலால் தடவினால், முந்நூற்றைம்பது ஆண்டு உப்புக் காற்றுக்குப் பிறகும் எழுத்தின் விளிம்பு கையில் தட்டுப்படும். கற்களை மிதிக்காமல் நடக்க இடம் இருக்கிறது. பலர் மிதித்துக்கொண்டுதான் படம் எடுக்கிறார்கள்.

செம்பூரான் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகள் உள்ளங்கை அளவுச் சிற்பங்களாக இருக்கின்றன. போர்த்துக்கீசியர் காலத்து மரபைச் சேர்ந்த மகிமை மாதா ஆலயம் உண்டு. அரபு நாட்டிலிருந்து படகில் வந்தவர்களைத் தங்கள் முன்னோராகச் சொல்லும் முஸ்லிம்கள் பலர் இங்கே வாழ்கிறார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரத்தைக் காணலாம். ஏரியைக் கடக்கும் பாலத்தின் மறுமுனையில் லைட்ஹவுஸ் குப்பமும் கடற்கரையும் இருக்கின்றன.

பூநாரைக்கு ஏன் இந்த இடம்?

இங்கேதான் அந்த ஒரு மீட்டர் கணக்கு மறுபடி வருகிறது. பெரிய பூநாரை நீந்தி இரை பிடிக்கும் பறவை அன்று, சேற்றில் நின்று அரித்துத் தின்னும் பறவை. நீண்ட காலால் அடிச்சேற்றைக் கலக்கும். பிறகு கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பம்பு போல இயக்கி நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற அமைப்பில் சின்ன இறால் வகைகளும் புழுக்களும் பாசியும் தங்கிவிடும். வடிகட்டியை இடுப்பளவுக்கு மேலான தண்ணீரில் வைத்து வேலை செய்ய முடியாது. தண்ணீர் குறைவாக, உப்பும் சேறும் சரியாகக் கலந்திருக்க வேண்டும். அதன் இளஞ்சிவப்பு நிறமே இந்த இரையிலிருந்து வரும் நிறமிதான்.

ஆகவே பூநாரை எங்கே நிற்கிறது என்பது அந்த ஆண்டு மழையைப் பொறுத்தது. ஏரி நிரம்பி வழிந்தால் பறவைகள் ஓரங்களுக்கு ஒதுங்கும், வற்றினால் நடுவே போய்விடும். அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம் என்றாலும், தமிழகப் பகுதியில் தை, மாசியில் பார்ப்பது மேல். ஊருக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி பக்கம் உள்ள அண்ணாமலைச்சேரி கரை நல்ல இடம். ஆந்திரப் பகுதியில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையின் இருபுறமும் பார்க்கலாம். அந்தச் சாலை பறவை ரசிகர்களுக்கு வசதி. ஆனால் ஏரியை மண் மேட்டால் குறுக்கே தடுத்து நீரோட்டத்தைக் குறைத்ததும் அதே சாலைதான். கூழைக்கடா கூடு கட்டுவதைப் பார்க்க, ஆந்திரத்திலேயே உள்ள நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போக வேண்டும். உள்ளான்கள், ஊசிவால் வாத்துகள், சங்குவளை நாரைகள் எங்கும் கிடைக்கும். இருகண்நோக்கி இல்லாமல் போனால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும்.

ஏரிக்குள் வரப்பு: பாடு

தண்ணீரில் வரப்பு போட முடியாது. ஆனால் பழவேற்காட்டு மீனவர்கள் போட்டிருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். முகத்துவாரத்துக்கு அருகே இறால் ஓடும் தடங்கள் ஒரு சிலவே. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது. ஆகவே உரிமையுள்ள குப்பங்கள் முறை வைத்துக்கொள்கின்றன. இன்று ஒரு குப்பம் என்றால் நாளை இன்னொன்று. ஒரு குப்பத்துக்குள்ளே எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் பொதுவளத்தைப் பங்கிடும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பாடு உரிமை பிறப்பாலும் குப்பத்தாலும் வருவது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டு ஏரிக் கரையில் குடியேறியவர்களும், வலையில்லாமல் சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் அந்த முறைக்கு வெளியே நிற்கிறார்கள். இறால், மடவை, பச்சை நண்டு என்று வரத்து குறையும்போதெல்லாம் சண்டை இந்தக் கோட்டில்தான் வெடிக்கிறது.

படகுச் சவாரி: தடை ஏன்?

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவுக் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏரிக்குள் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்க்கவசம் யாரிடமும் இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் எப்படி மூழ்கினார்கள் என்று பலர் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் என்பது சராசரிதான். முகத்துவாரத்தை நெருங்க நெருங்க, ஏற்றத்திலும் வற்றத்திலும் ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகவே போய்வர வேண்டியிருப்பதால், ஓட்டம் வேகமெடுத்துத் தரையை அரித்து ஆழமாக்கிவிடும். உள்ளே வரும் கடல் அலையும் வெளியே போகும் நீரோட்டமும் மோதும் இடத்தில் படகு தள்ளாடும். ‘முகத்துவாரம் வரை கூட்டிப் போகிறேன்’ என்று கரையில் இன்றும் யாராவது கேட்கக்கூடும். மறுத்துவிடுங்கள். கேட்பவரின் வறுமை உண்மை, ஓட்டத்தின் வேகமும் உண்மை.

வாய் ஏன் அடைகிறது?

முகத்துவாரம் என்பது இரண்டு விசைகளுக்கு நடுவே நடக்கும் இழுபறி.

1. அடைக்கும் விசை: அலை சாய்வாகக் கரையில் மோதும்போது மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் இந்த ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. கரைக்கடல் மீனவர் இதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே வருவது வண்ணி. ஆண்டுக் கணக்கில் தெண்டியே வலுவானது. ஆகவே மணல் வடக்கு நோக்கிப் போகிறது. போகிற வழியில் வாயின் குறுக்கே நாக்கு போல நீண்டு, வாயை வடக்கே தள்ளித் தள்ளிக் கடைசியில் மூடிவிடுகிறது.

2. திறக்கும் விசை: ஏற்றத்தில் உள்ளே புகுந்து வற்றத்தில் வெளியே பாயும் கடல்நீரும், மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளமும். இவை மணலை வாரிக் கடலுக்குள் வீசுகின்றன.

ஏரி ஆழமாக இருந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் நிறையத் தண்ணீர் உள்ளே வந்துபோகும், வாய் தானே சுத்தமாகும். ஆழம் குறையக் குறையத் திறக்கும் விசையும் குறைகிறது. ஆரணி ஆற்றின் மேல்பகுதியில் பிச்சாட்டூர் அணையும் வழியில் தடுப்பணைகளும் இருப்பதால் வெள்ளமும் முன்போல முழுதாக வருவதில்லை. கோடையில் வாய் அடைந்தால் ஏரிக்குள் உப்பு ஏறும், இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வர முடியாது, ஏரிக் கரையில் கட்டிய படகு கடலுக்குப் போக முடியாது. ஒரே அடைப்பில் மூன்று நட்டம். மழைக்காலத்தில் அடைந்திருந்தால் வெள்ளம் ஊருக்குள் திரும்பும்.

துறைமுகம் எங்கே நுழைகிறது?

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் 2001-இல் துறைமுகம் வந்தது, அடுத்த பத்தாண்டில் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டும் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீட்டியவை. வடக்கே போகும் மணலைச் சுவர் மறிக்கிறது. சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இது மெரினாவிலும் ராயபுரத்திலும் நூறாண்டாக நாம் பார்த்த பாடம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கடலுக்குள் போனது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ‘மணல் இல்லாமல் கரை அரிக்கிறது’ என்றும் ‘மணல் சேர்ந்து வாய் அடைகிறது’ என்றும் ஒரே ஆட்களே சொல்கிறார்களே, எது சரி? இரண்டும் சரி. சுவருக்கு அடுத்த வடபுறத்தில் அரிபடும் மணல் மாயமாவதில்லை. தெண்டியோடு வடக்கே பயணப்பட்டு, ஓட்டம் தளரும் இடத்தில் படிகிறது. ஆனால் வாய் அடைவதற்கே துறைமுகம்தான் காரணம் என்று சொல்வது மிகை. மணல்வாய் உள்ள எல்லா உப்பங்கழிகளுக்கும் உள்ள பழைய நோய் இது. துறைமுகம் நோயைக் கொண்டுவரவில்லை. அதன் இடத்தையும் வேகத்தையும் மாற்றுகிறது.

காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டம் 330 ஏக்கர் துறைமுகத்தை ஏறக்குறைய 6,100 ஏக்கராகப் பெருக்க முன்வைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டிய நிலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் வேலி சில இடங்களில் மிக ஒடுங்கியது. அது உடைந்தால் உப்பங்கழியாகவே இருக்காது, கடலின் ஒரு மூலையாகிவிடும் என்பதுதான் மீனவர்களின் அடிப்படை அச்சம்.

சட்டப் பக்கம் ஒரு சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 1980-இல் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் வேறு, அதைச் சுற்றிக் கட்டுப்பாடுகளோடு விடப்படும் ‘சூழல் கூருணர்வு மண்டலம்’ வேறு. மண்டல எல்லை தனியாக அறிவிக்கப்படாத இடங்களில் 10 கிலோமீட்டர் என்ற அளவுகோல் பேசப்பட்டு வந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் குறைந்தது ஒரு கிலோமீட்டர் என்றது. 2023 ஏப்ரலில் அதையும் தளர்த்தி, இடத்துக்கு ஏற்ப முடிவு செய்யலாம் என்றது. ‘எல்லை சுருங்குகிறது’ என்ற செய்தியைப் படிக்கும்போது, சுருங்குவது சரணாலயமா அதைச் சுற்றிய மண்டலமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கல் சுவர் போட்டால் தீருமா?

வாயின் இரு கரையிலும் கருங்கல் சுவர் நீட்டி அதை ஒரே இடத்தில் நிறுத்துவது அரசு முன்வைத்த தீர்வு. மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டதும் அதுவே. சுவர் வாயை ஓரிடத்தில் கட்டிப்போடும், ஓட்டத்தைக் குறுக்கி வேகமாக்கும். படகுகளுக்கு நிம்மதி.

கூடவே அது ஒரு குட்டி அலைதடுப்புச் சுவரும்கூட. அதன் வடபுறத்துக் குப்பங்களில் கரை அரிக்கத் தொடங்கினால் அங்கும் கல் கொட்டச் சொல்வார்கள். உள்ளே தூர் வாராமல் வாயை மட்டும் திறந்து வைத்தால் ஏரியின் ஆழம் கூடிவிடாது.

சிலிகாவில் 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பு சீரானது, மீன்வரத்து கண்கூடாக ஏறியது. அங்கே வெட்டியது வாய் மட்டும். கல் சுவர் இல்லை. சில ஆண்டுகளில் கடலே இன்னொரு வாயையும் திறந்துகொண்டது.

பழவேற்காட்டில் சுவர் எழுந்தாலும், பாடு முறையில் வலை கட்டுபவர்கள் ஒன்றைப் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கும். வாய் நகராமல் நின்றுவிட்டால் இறால் ஓடும் தடமும் மாறும். அப்போது எந்தக் குப்பத்துக்கு எந்த நாள் என்ற சீட்டை மறுபடி முதலிலிருந்து எழுதியாக வேண்டும்.